ஒரே ஒரு வெங்காயம்

பாமியா சோற்றை நிறுத்திய மூன்றாம் நாளுக்குள், அன்ஃபூஷி மீன் சந்தையில் இருந்த பாதி மீனை நான் வறுத்தும் அவித்தும் பார்த்துவிட்டேன். எதற்கும் மசியவில்லை. தட்டை முன்னால் வைத்தால் ஒருமுறை முகர்வாள், உதட்டை நக்கிக்கொள்வாள், பிறகு நான் ஏதோ அவளை அவமானப்படுத்திவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் கம்பளத்தின் மேல் மஞ்சளாக வாந்தி. வீடு முழுக்கத் தரைக்கல் இருக்கிறது. அத்தனையையும் தாண்டிப்போய்க் கம்பளத்தின் மேல்தான் எடுப்பாள்.

பாமியா என்றால் அரபியில் வெண்டைக்காய். பதினாலு வருஷத்துக்கு முன்னால் காய்கறிக் கடையில் வெண்டைக்காய் மூட்டைக்குள் கிடந்த பூனைக்குட்டியை என் கணவர் மஹ்ரூஸ் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். பெயருக்காக நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. மஹ்ரூஸ் முப்பத்தொரு வருஷம் அலெக்சாந்திரியாவில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சும் டிராம் மாதிரிதான், நின்று நின்று வரும். எங்கள் இரண்டு பையன்களும் கல்யாணமாகித் தனித்தனியே போன பிறகு, நான் அடுப்பைப் பற்றவைத்ததும் ஓடி வந்து காலைச் சுற்றிக்கொண்டு நிற்கிற ஒரே ஜீவன் பாமியாதான். அவள் செத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"வயசாயிடுச்சு சுஹைர். பூனைன்னா அவ்வளவுதான். மனசைத் தேத்திக்கோ" என்றார் மேல்மாடி இனாயத் டீச்சர். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் விடை கையில் வைத்திருப்பார்.

"உங்களுக்கு எழுபத்தொண்ணு ஆகுது டீச்சர். உங்களை அப்படி யாராவது விட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டேன். மஹ்ரூஸ் பின்னாலிருந்து, "ஸலவாத்து சொல்லு சுஹைர், கோபம் ஆறட்டும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அன்று மத்தியானமே காய்கறிக் கூடையில் துண்டை விரித்து, பாமியாவை உட்காரவைத்து, மழையோடு மழையாக மருத்துவரிடம் கொண்டுபோனோம்.

டாக்டர் ரீஹாம் சின்ன வயசுக்காரி. ஆனால் கை நிதானமானது. பாமியாவின் வயிற்றைத் தொட்டு, வாயைத் திறந்து பார்த்து, எடை போட்டாள். மூன்று கிலோ கூட இல்லை. போன வருஷம் நாலரை.

"சோறு வச்சா உதட்டை நக்கறாளா?" என்று கேட்டாள்.

"நக்கறா டாக்டர். ஆசைதான், ஆனா தின்ன முடியலன்னு நினைச்சேன்."

"ஆசை இல்லம்மா, குமட்டல். வாய்ல எச்சில் ஊறுது, அதான் நக்கறா. நீங்க அந்த நேரத்துல பிடிச்ச மீனை நீட்டினா, அந்த மீனாலதான் குமட்டுதுன்னு அவ நினைச்சுப்பா. அப்பறம் அந்த மீனை வாழ்நாளுக்கும் தொடமாட்டா."

சந்தையின் பாதி மீனை நான் அவளுக்கு நீட்டியிருந்தேன்.

வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு டாக்டர் விளக்கினாள். குடல் சுவர் தடித்திருக்கிறது, வயசான பூனைகளுக்கு வருகிற அழற்சி. முழுசாகப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். குமட்டலுக்குக் கால் மாத்திரை, வாரம் ஒரு வைட்டமின் ஊசி. மிச்சமெல்லாம் சாப்பாட்டில்தான் இருக்கிறது. "பூனை பட்டினி கிடந்தா நம்மள மாதிரி தாங்காது. நாலு நாள் போனா ஈரல் கெட ஆரம்பிச்சிடும். இதுவரைக்கும் அவ தின்னாத கறி ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. பழகாத கறின்னா குடல் சண்டை போடாது."

"தின்னாத கறியா?" என்றார் மஹ்ரூஸ். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"வாத்து?"

"ரமலான்ல வாத்து இல்லாம எப்படி?"

"புறா?"

"அரிசி அடைச்சது. கால் ரெண்டும் அவளுக்குத்தான்."

"எருமைக்கறி?"

"டாக்டர், நீங்க எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"முயல்?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் முயல் நுழைந்ததே இல்லை. மஹ்ரூஸ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மொட்டை மாடியில் முயல் வளர்த்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை அதில் ஒன்று கீரைக்குழம்புக்குள் வந்துவிட்டது. அன்றிலிருந்து சந்தையில் முயல் கூண்டைக் கண்டால் அவர் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார்.

"அப்ப முயல்தான்" என்றாள் டாக்டர். "வெறுமன வேகவச்சு, எலும்பை எடுத்துட்டு, வெதுவெதுப்பா, நாளைக்கு அஞ்சு வேளை, கொஞ்சம் கொஞ்சமா. வேற எதுவும் கூடாது."

"உப்புகூடப் போடமாட்டேன்" என்று சத்தியம் செய்தேன்.

மறுநாள் காலை மஹ்ரூஸ் தானே போய் முயல் வாங்கி வந்தார். பையைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, மேடையில் வைத்துவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போய்விட்டார்.

அதை நான் வெறுமனே வேகவைத்த விதத்தைச் சொல்கிறேன், நீங்களே கேளுங்கள். முதலில் கோதுமை மாவும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சையும் வினிகரும் ஊற்றி ஊறவைத்துக் கழுவினேன். கொதித்த முதல் தண்ணீரைக் கீழே கொட்டினேன். இரண்டாம் தண்ணீரில் எழும்பிய நுரையை ஒரு பொட்டுகூட விடாமல் வழித்தெடுத்தேன். பிறகு தோலுரித்த முழு வெங்காயம் ஒன்று, ஏலக்காய் மூன்று, ஒரு பிரியாணி இலை, பருப்பு அளவு மஸ்தகி என்கிற வாசனைப் பிசின். அவ்வளவுதான். பூண்டு இல்லை, மிளகு இல்லை, மல்லி இல்லை, நெய் இல்லை. இதைச் சமையல் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். இது சுத்தம். கவுச்சி போவதற்காகச் செய்வது. வெந்த பிறகு வெங்காயத்தை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவேன், அதை யாரும் தின்பதுகூடக் கிடையாது.

கவுச்சி விஷயத்தில் எங்களோடு யாரும் விளையாட முடியாது. முட்டை தின்ற தட்டைத் தனியாகக் கழுவுவோம். கிளாஸை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவோம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது மஹ்ரூஸின் அம்மா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கிளாஸைத்தான் முகர்ந்தார். இரண்டு தரம் முகர்ந்துவிட்டு, "நல்ல வீடு" என்றார். என் கல்யாணம் முடிவானது அந்த கிளாஸில்தான். அப்படிப்பட்டவள் முயலை மொட்டையாகத் தண்ணீரில் போட்டு வேகவைப்பேனா?

நாலு நாள் எல்லாம் நன்றாகப் போனது. மாத்திரையில் வாந்தி நின்றது. முதல் நாள் சாற்றை மட்டும் நக்கினாள். மூன்றாம் நாள் கறியையும் இரண்டு வாய் எடுத்தாள். நான் ஒவ்வொரு வேளைக்கும் சாற்றைச் சூடாக்கி, விரலை விட்டுப் பதம் பார்த்து, கறியை நூல் நூலாகப் பிய்த்துப் போட்டேன். எங்கள் கட்டடத்தின் எல்லா அடுப்பங்கரை ஜன்னல்களும் நடுவில் இருக்கிற ஒரு காற்றுக் குழிக்குள்தான் திறக்கும். மேலிருந்து இனாயத் டீச்சர் தலையை நீட்டி, "பூனைக்கா இந்த வாசனை? எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பு, நானும் சீக்காளிதான்" என்று கத்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்தாம் நாளிலிருந்து மறுபடியும் முகத்தைத் திருப்ப ஆரம்பித்தாள், கெஞ்சிக் கெஞ்சித்தான் ஊட்டினேன். ஏழாம் நாள் காலை பாமியா சோபாவில் ஏறப் பார்த்து, பாதியிலேயே விழுந்தாள். எழுந்திருக்கவும் இல்லை. அப்படியே பக்கவாட்டில் படுத்து வேகவேகமாக மூச்சு வாங்கினாள். மஹ்ரூஸ் மணல் தட்டைப் பார்த்துவிட்டு வந்து, "சுஹைர், மூத்திரம் டீ நிறத்துல இருக்கு" என்றார். நான் அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது.

நோய்தான் முற்றிவிட்டது என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன் என்பதைக் காட்ட, சாற்றை ஒரு ஜாடியில் ஊற்றி மூடி அதையும் எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் ரத்தம் எடுத்து உள்ளே கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது புருவம் சுருங்கியிருந்தது. "ரத்தம் பாதியா குறைஞ்சிருக்கு. சிவப்பணுவெல்லாம் உடையுது. இது குடல் நோய் செய்யற வேலை இல்லையே. அம்மா, அவ என்ன தின்னான்னு ஒண்ணு விடாம சொல்லுங்க."

"முயல். நீங்க சொன்னதுதான். வெறுமன வேகவச்ச முயல்."

"வேற?"

"தண்ணி."

"பூண்டு, வெங்காயம் ஏதாவது வாயில பட்டுச்சா?"

"அல்லாஹ் மேல ஆணையா, ஒரு துணுக்குக் கூடப் படல. நம்பலன்னா நீங்களே பாருங்க." ஜாடியை மேசையில் வைத்துத் திறந்தேன். அறையெல்லாம் மணத்தது.

டாக்டர் குனிந்து முகர்ந்தாள். "மஸ்தகி" என்றாள். "ஏலக்காய்." மறுபடியும் முகர்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, கவுச்சிக்கு என்ன போட்டீங்க?"

"ஒரே ஒரு வெங்காயம்" என்றேன். "அதையும் எடுத்துப் போட்டுட்டேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் கையால் அடித்துக்கொண்டாள். "வெங்காயத்தை எடுத்துட்டீங்க. அதோட சாறு தண்ணிலதானே இருக்கு? பூனை ரத்தத்துக்கு வெங்காயம் விஷம்மா. அஞ்சு வேளை, ஆறு நாள்."

"நீ வெறுமனன்னுதானே சொன்ன?" என்று நான் கத்தினேன். டாக்டர் என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது. "நான் வெறுமனதான் வேகவச்சேன்!"

"எங்கம்மாவும் இப்படித்தான் வேகவைப்பாங்க" என்றாள் அவள். கோபமே படவில்லை. "நான்தான் சொல்லியிருக்கணும். இந்த ஊர்ல பொறந்து வளர்ந்தவ, எனக்குத் தோணியிருக்கணும்."

அன்று புதன்கிழமை. பாமியாவை ஒரு நாள் அங்கேயே வைத்து மருந்து ஏற்றினார்கள். வியாழன் மத்தியானம் கூடையை என் கையில் கொடுக்கும்போது டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "புது ரத்தத்தை அவ உடம்பு தானே செஞ்சுக்கும். ஆனா உள்ள ஏதாவது போகணும். சனிக்கிழமை காலைல கொண்டாங்க. அதுக்குள்ள தானா சாப்பிட ஆரம்பிக்கலன்னா கழுத்துல குழாய் வைக்கணும். இந்த ரத்தத்துல அவளுக்கு மயக்க மருந்து குடுக்க எனக்குத் தைரியம் இல்ல. திரும்ப எழுந்திருப்பான்னு என்னால சொல்ல முடியாது." வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னாள். "முயல், தண்ணி. ரெண்டே ரெண்டு. தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவி மணத்தை எடுத்துடாதீங்க. மோப்பம் பிடிச்சாத்தான் பூனைக்குப் பசிக்கும்."

வீட்டுக்கு வந்து அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்தேன். என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன். விரலை விட்டுப் பதம் பார்த்து ஊட்டியிருக்கிறேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோதெல்லாம் "என் தங்கம்ல, இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சிக் கெஞ்சி அந்த விஷத்தை வாயில் வைத்திருக்கிறேன். மாரில் அடித்துக்கொண்டு அழுதேன்.

மஹ்ரூஸ் கதவருகே வந்து நின்றார். வெகு நேரம் யோசித்துவிட்டு, "செத்திருந்தாலும் நல்ல மணத்தோடதான் போயிருப்பா" என்றார்.

செருப்பைக் கழற்றி எறிந்தேன். குறி தப்பவில்லை. அவர் அதை எடுத்து என் பக்கத்தில் சரியாக வைத்துவிட்டு, "நான் போய் இன்னொரு முயல் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினார்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? அன்று சாயங்காலம் வெங்காயத்தைத் தொடவில்லை, ஏலக்காயைத் தொடவில்லை. ஆனால் கை சும்மா இருந்தால்தானே? யாரும் பார்க்காதபோது எலுமிச்சை தேய்த்தேன். வினிகரில் ஊறவைத்தேன். முதல் தண்ணீரைக் கொட்டினேன், இரண்டாவதையும் கொட்டினேன். கடைசியில் தட்டில் இருந்தது வேகவைத்த துணி மாதிரி ஒரு வெள்ளைக் கறி. பாமியா தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்தத் தட்டு இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் அறை மூலையில் அலமாரிக்கு அடியில் போய்ச் சுருண்டிருந்தாள். நான் தரையில் படுத்து, கையை உள்ளே விட்டு முதுகைத் தடவினேன். ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகக் கையில் தட்டுப்பட்டது. "சுஹைர்" என்றார் மஹ்ரூஸ், "உன் மானம் பெருசா, இவ பெருசா?" எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி.

மிச்சமிருந்த பாதி முயலை எடுத்தேன். கழுவவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி அப்படியே தண்ணீரில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். நுரை சாம்பல் நிறத்தில் திரண்டு எழும்பியது. வழித்தெடுக்கக் கரண்டியை எடுத்தேன், திரும்ப வைத்தேன். கரண்டியைப் பிடிக்காமல் இருப்பதற்காகக் கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த நாற்றத்தை நான் எப்படிச் சொல்வேன்? பச்சை ரத்தமும் ஈர மயிரும் கலந்த வீச்சம். திரைச்சீலையில் ஏறியது, என் தலைமயிரில் ஏறியது. ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டும், திறந்தால் மானம் போகும். தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் ஐந்து மாடியிலும் எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள், எல்லா அடுப்பங்கரையிலும் ஆள் இருந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் அதற்குக் கீழே குந்தி உட்கார்ந்தேன்.

முதலில் மேலிருந்து இனாயத் டீச்சரின் குரல்தான் வந்தது. "அட யா ரப்பி! என்ன நாத்தம் இது? யார் வீட்டு அடுப்பங்கரை? எலி கிலி செத்துக் கெடக்கா?"

"ரெண்டாம் மாடிலேர்ந்துதான் வருது" என்று கீழே யாரோ சொன்னார்கள்.

"ரெண்டாம் மாடில சுஹைர் இருக்கா. அவ வீட்லயாவது, கவுச்சியாவது! வேற எங்கயாவது பாருங்க."

நான் இன்னும் கீழே குனிந்துகொண்டேன். அப்போது பின்னால் தரைக்கல்லில் நகம் உரசுகிற சத்தம் கேட்டது.

பாமியா கதவருகில் நின்றிருந்தாள். நிற்க முடியாமல் பின்னங்கால் இரண்டும் நடுங்கின. இரண்டடி வைத்தாள், உட்கார்ந்தாள். மூக்கு மட்டும் மேலே தூக்கித் தூக்கி எதையோ தேடியது. மறுபடி எழுந்தாள். நான் போய்த் தூக்கவில்லை. தூக்கினால் மனசு மாறிவிடுவாளோ என்று பயம். அடுப்பை அணைத்து, ஒரு துண்டை எடுத்து, விரல் சுடச்சுடப் பிய்த்து, வாயால் ஊதி ஆறவைத்து, தட்டில் போட்டுத் தரையில் வைத்தேன். வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அவள் உதட்டை நக்கவில்லை. முகத்தை நேராகக் கறிக்குள் புதைத்தாள்.

"சுஹைர்!" மேலிருந்து மறுபடியும் டீச்சர். "ஏய் சுஹைர், உன் வீட்லேர்ந்துதான் வருதுன்னு இவங்க சொல்றாங்க. பொய்தானே?"

நான் எழுந்து ஜன்னலில் தலையை நீட்டினேன். மேலும் கீழும் எத்தனையோ தலைகள். எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தன.

"என் வீடுதான்" என்றேன்.

"என்ன சொல்ற? காதுல விழல!"

"என் வீடுதான் டீச்சர். சத்தம் போடாதீங்க." கையால் என் காலடியைக் காட்டினேன். "சாப்பிடறா."

டீச்சர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வகுப்பில் பேசுகிற குரலில், மொத்தக் கட்டடத்துக்கும் கேட்கும்படி, "எல்லாரும் வாயை மூடுங்க. பாமியா சாப்பிடறா" என்றார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை மூடினார்கள். கீழே ஒரு குழந்தை ஏதோ கேட்க, அதன் அம்மா "ஷ்ஷ்" என்றாள். அந்த அமைதியில், என் காலடியில் பாமியா கறியை மென்று மென்று விழுங்குகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தனை பேர் பார்க்கத்தான் அழுதேன்.

தட்டு காலியானதும் அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த துண்டைப் பிய்க்க உட்கார்ந்தேன்.